பேக்கப் சர்வரின் கம்பியில்லா வாசல்

அன்று காலை அந்த லிஃப்ட் பராமரிப்பு அலுவலகத்தின் நீள அறையில் இருந்தவர்கள் பின்வருமாறு. சன்னலை ஒட்டிய நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்தபடி, தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஆடிட்டர் அம்மாள். அவருக்கு எதிரே, சுழல் நாற்காலியில் சுழலாமல், மேனேஜர். கதவோரம், காதில் ஹெட்போனும் கையில் பேனாவுமாகக் கம்ப்ளெயிண்ட் அக்கா. ஊரில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் நின்றுபோனாலும் முதல் திட்டு அவருக்குத்தான். மூவரும் பார்க்கும்படி நடு மேசையில், லேப்டாப்புக்குப் பின்னால், சிஸ்டம்காரர். மின்விசிறி எல்லாருக்கும் பொதுவாகச் சுற்றியது. வியர்த்தது அவருக்கு மட்டும்.

"இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி," என்றார் ஆடிட்டர் அம்மாள். "உங்க பேக்கப் சர்வரோட நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் செட்டிங்ஸ். அதைக் காட்டிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."

"அதாவது?" என்றார் மேனேஜர். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளாமல் கேட்பதற்கு அவர் வைத்திருந்த சொல் அது.

"வீட்டுக்கு வாசல் மாதிரி சார்," என்றார் சிஸ்டம்காரர். "ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வெளியுலகத்தோட பேச வாசல் இருக்கும். எத்தனை வாசல், எது திறந்திருக்கு, எது பூட்டியிருக்கு, இதைத்தான் கேக்கறாங்க. நம்ம தூதன் ஒரு நொடியில படிச்சுச் சொல்லிடுவான்."

தூதன் என்பது அவர் எழுதிய தானியங்கிப் புரோகிராம். தன் லேப்டாப்பில் உட்கார்ந்தபடியே ஒரு பொத்தானைத் தட்டினால், கீழ்த்தளத்து ஸ்டோர்காரர் பதிந்துவைக்கும் பட்டியலில் உள்ள எல்லா இயந்திரங்களையும் தூதன் விசாரித்துவிட்டு வந்து, நலமாக உள்ளவற்றுக்கு நேரே பச்சைப் புள்ளி வைப்பான். தினமும் காலையில் அந்தப் பச்சைப் புள்ளிகள் மேனேஜருக்கும் போகும், தலைமை அலுவலகத்துக்கும் போகும். அலுவலகத் தகவல்களுக்கெல்லாம் ஒரு நகல் வைத்திருக்கும் பேக்கப் சர்வர் இருக்கவேண்டிய இடம் ஊரின் மறுகோடியில், லிஃப்ட் சாமான்கள் அடுக்கியிருக்கும் கிடங்கு. சிஸ்டம்காரர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. இருந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரியும்போது எதற்காக மெனக்கெட்டுப் போய் கிரீஸ் வாடையில் தும்மவேண்டும் என்பது அவர் கட்சி.

இந்தத் தூதனால்தான் அவருக்கு அலுவலகத்தில் மரியாதை. வேலை மட்டும் போய்விட்டால் அடுத்து எங்கே உட்காரவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். மாமனாரின் மெத்தைக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஸ்டூல் அவருக்காகக் காத்திருந்தது. அன்று காலைகூட மாமனார் போன் செய்திருந்தார். "மாப்ளே, புது ஸ்பிரிங் மெத்தை வந்திருக்கு. சும்மா வந்து ஒரு தடவை படுத்துப் பாருங்களேன். உங்களுக்குன்னு ஒரு பிறவிச் சாய்வு இருக்கு."

சிஸ்டம்காரர் பொத்தானைத் தட்டினார். தூதன் போனான், வந்தான். திரையில் இரண்டு வரிகள்.

கம்பி வாசல்: கம்பி செருகப்படவில்லை.

கம்பியில்லா வாசல்: திறந்திருக்கிறது. இந்த அலுவலகத்தின் வைஃபையில் இணைந்திருக்கிறது.

ஆடிட்டர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "பேக்கப் சர்வர்ல வயர்லெஸ் கூடவே கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல ஒரு விதி இருக்கே. எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

"அது இருக்கட்டும்," என்றார் மேனேஜர். "கிடங்கு ஊருக்கு அந்தக் கடைசியில இருக்கு. நம்ம வைஃபை பாத்ரூம் வரைக்கும்கூட எட்டாது. அங்கிருந்து அது எப்படிய்யா இங்க வந்து ஒட்டும்?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் சிஸ்டம்காரருக்குத் தோன்றியது.

"எவனோ உள்ள வந்துட்டான் சார். நம்ம பேக்கப் சர்வர் வேஷம் போட்டுக்கிட்டு, இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கான்."

கம்ப்ளெயிண்ட் அக்கா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவன் வாசலை நான் இழுத்து மூடறேன் பாருங்க," என்று சிஸ்டம்காரர் தூதனுக்குப் புது உத்தரவு எழுதினார். பேக்கப் சர்வரின் கம்பியில்லா வாசலை அடை. தட்டினார்.

அடுத்த கணம் அவர் லேப்டாப்பிலேயே இணைப்பு அறுந்தது. மூலையில் இருந்த வைஃபை குறி சாம்பல் நிறமாகி, குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

"திருப்பி அடிக்கிறான் சார்!"

"யாரை?"

"என்னை! நான் அவன் வாசலை மூடினேன், அவன் அதே நொடியில என் வாசலை மூடிட்டான்!"

தன் வைஃபையைத் திரும்பத் திறந்துகொண்டு தூதனை அனுப்பினார். கம்பியில்லா வாசல், திறந்திருக்கிறது.

"நான் எழுந்தா அவனும் எழுந்துடறான்," என்றார், பாதிக் குரலில்.

"பூட்டை மாத்துய்யா," என்றார் மேனேஜர். "அதாவது, அந்த பாஸ்வேர்டு."

மாற்றினார். மாற்றியதும் அலுவலகம் முழுக்க அத்தனை பேருக்கும் இணைப்பு போயிற்று. கம்ப்ளெயிண்ட் அக்காவின் திரையில், எந்த லிஃப்டுக்கு எந்த மெக்கானிக் போகிறார் என்று காட்டும் படம் அப்படியே உறைந்து நின்றது.

"தம்பி, இங்க ஒருத்தர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டுப் பேசிட்டிருக்கார். மெக்கானிக் வந்துட்டாரான்னு கேக்கறார். என்ன சொல்ல?"

"வந்துட்டிருக்கார்னு சொல்லுங்கக்கா."

"அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். பாவம், நம்பிட்டிருக்கார்."

சிஸ்டம்காரர் புது பாஸ்வேர்டைத் தன் லேப்டாப்பில் மட்டும் போட்டார். தூதனை அனுப்பினார். கம்பியில்லா வாசல், திறந்திருக்கிறது. இந்த அலுவலகத்தின் வைஃபையில் இணைந்திருக்கிறது.

ஆடிட்டர் அம்மாள் திரையை எட்டிப் பார்த்தார்.

"புது பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?" என்றார் ஆடிட்டர் அம்மாள்.

"எனக்கு மட்டும்தான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். மேனேஜர் நாற்காலியைச் சுழற்றி அவருக்கு நேராக நிறுத்தினார்.

"இதோ பாருங்க சிஸ்டம். நான் சுத்தி வளைச்சுப் பேசலை. வெளியாள் ஒருத்தன் புகுந்தான்னு நீங்க நிரூபிச்சீங்கன்னா தப்பிச்சீங்க. இல்லேன்னா, ஒண்ணு உங்க கவனக்குறைவு, இல்ல அதைவிட மோசம். ரெண்டுக்கும் ஒரே லெட்டர்தான். ஆடிட்டர் மேடம் கையாலேயே தலைமை அலுவலகத்துக்குப் போகும்."

மெத்தைக் கடையின் ஸ்டூல் சிஸ்டம்காரரின் கண்முன் வந்து, தன்னைத்தானே தூசி தட்டிக்கொண்டு நின்றது.

"மேடம்," என்றார் கெஞ்சாத குறையாக. "நீங்களே ஒரு பாஸ்வேர்டு வைங்க. என் லேப்டாப்லேயே அடிங்க. நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன்."

சுவரைப் பார்த்து நின்றார். ஏழாம் வகுப்பில் நின்றதற்கப்புறம் இப்போதுதான் நிற்கிறார். ஆடிட்டர் அம்மாள் புடவைத் தலைப்பால் திரையை மறைத்துக்கொண்டு, உதடு அசையாமல், தன் மனத்துக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு சொல்லை அடித்தார்.

"இப்ப தூதனை அனுப்புங்க."

அனுப்பினார். திறந்திருக்கிறது. இணைந்திருக்கிறது.

ஆடிட்டர் அம்மாளின் முகம் வெளுத்துப்போயிற்று. "நான் யார்கிட்டயும் சொல்லலை," என்றார். "சத்தியமா சொல்லலை. என் வீட்டுக்காரருக்கே தெரியாத வார்த்தை அது."

"உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலியே மேடம்," என்றார் மேனேஜர். ஆனால் தன் நாற்காலியை அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

இனி ஒரே வழி, அவனுக்கு எட்டாத இடத்துக்குப் போய்ப் பார்ப்பது. சிஸ்டம்காரர் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். அலுவலக வைஃபையை விட்டுவிட்டு, தன் போனிலிருந்து இணைப்பு எடுத்தார். மற்றவர்கள் பின்னாலேயே வந்து படிகளில் நின்றார்கள். அக்காவின் ஹெட்போன் கம்பி நீளம் போதாமல் அவர் மட்டும் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

தூதன் திரும்பி வந்தான். கம்பியில்லா வாசல், திறந்திருக்கிறது. இணைந்திருக்கும் இணைப்பின் பெயர்: மெத்தைக்கடை மாப்பிள்ளை.

"அது யாருய்யா?" என்றார் மேனேஜர்.

"என் போன் சார். வீட்ல விளையாட்டுக்கு அப்படிப் பேர் வெச்சாங்க. சார், அவன் இப்ப என் போனுக்குள்ள உட்கார்ந்திருக்கான். நான் எங்க போறேனோ அங்க வர்றான்."

"பில்லி சூனியமா இருக்குமோ?" என்றார் அக்கா, வாசற்படியிலிருந்து.

"நீங்க வேற சும்மா இருங்கம்மா," என்று மேனேஜர் அதட்டினார். அதட்டிவிட்டுத் தன் போனை ஒரு பார்வை பார்த்தார். "மூலத்தையே பிடுங்கிடுவோம். கிடங்கு வாட்ச்மேனுக்குப் போடுங்க."

மேனேஜரின் போனை ஸ்பீக்கரில் வைத்தார்கள். வாட்ச்மேன் எடுத்த எடுப்பிலேயே, "சாப்பிட்டுட்டிருக்கேன் சார்," என்றார்.

"அங்க ஒரு பெட்டி இருக்கும் பாருங்க. லைட் மினுக்கு மினுக்குன்னு எரியும்."

"ஆமா, இருக்கு சார். சுவத்துல."

"அதோட பிளக்கைப் பிடுங்குங்க."

"பிடுங்கினா ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆகணும்னுதான்யா பிடுங்கச் சொல்றேன்!"

ஏதோ நகரும் ஓசை. மூச்சு வாங்கும் ஓசை. "பிடுங்கிட்டேன் சார். லைட் அணைஞ்சிடுச்சு."

சிஸ்டம்காரர் தூதனை அனுப்பினார்.

திறந்திருக்கிறது.

"கரண்டைப் பிடுங்கின பிறகும் பேசுது சார்," என்றார் சிஸ்டம்காரர்.

"சார்," என்றது வாட்ச்மேனின் குரல், "ஷட்டர் தானா இறங்கிடுச்சு சார். பட்டனை அமுக்கினா ஏற மாட்டேங்குது. உள்ள ஒரே இருட்டா இருக்கு. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"மெயினையும் சேர்த்து ஆஃப் பண்ணுங்க!"

"இருட்டுல மெயின் எங்க இருக்குன்னு..."

மேனேஜர் அதற்கு மேல் கேட்கவில்லை. போன்களெல்லாம் பகைவனின் கையில் போய்விட்டன என்று முடிவுகட்டி, வாட்ச்மேனை அப்படியே துண்டித்தார். எல்லாருடைய கைபேசிகளையும் வாங்கி அணைத்து, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நெட்டோட மெயின் ஸ்விட்ச் எங்க?" என்றார்.

"சார், அதை அணைச்சா அக்காவோட போனும் போயிடும். அதுவும் நெட்லதான் ஓடுது."

"போனாப் போகட்டும். கம்பெனியே போகப்போகுது."

ஸ்விட்சை மேனேஜரே அணைத்தார். மூலையில் இருந்த பெட்டிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்மூடின. அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"லிஃப்ட்ல இருந்தாரே, பயம் தெரியாம இருக்கட்டும்னு நான்தான் பாடச் சொன்னேன். சரணத்துக்கு வந்திருந்தார். கட்டாயிடுச்சு." மூக்கை உறிஞ்சினார். "நல்ல குரல்."

இப்போது வைஃபை இல்லை, போன் இல்லை, கிடங்குப் பெட்டிக்கு மின்சாரம் இல்லை. சிஸ்டம்காரர் கடைசி முறையாகப் பொத்தானைத் தட்டினார். யாரும் இல்லாத வீட்டுக் கதவை எதற்கும் இருக்கட்டும் என்று தட்டுவதுபோலத்தான் தட்டினார்.

தூதன் முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்தான். பேக்கப் சர்வர்: நலம். ஒரு பச்சைப் புள்ளி.

சிஸ்டம்காரர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இத்தனை வருடம் படித்ததும் பழகியதும் அந்த ஒரு புள்ளியின் முன்னால் தவிடுபொடியாயின. ஆடிட்டர் அம்மாள்தான் எழுந்து வந்து தோளைத் தொட்டார்.

"சார், இப்படி உடைஞ்சு போகாதீங்க. செட்டிங்ஸ்ல வேற ஏதாச்சும் இருக்கா பாருங்க. அவனைக் காட்டிக்கொடுக்கற மாதிரி."

அந்த வார்த்தை அவரை நிமிர வைத்தது. இருந்தது. ஒவ்வொரு வாசலுக்கும், அதைச் செய்த தொழிற்சாலையே பொறித்து அனுப்பும் ஒரு பிறவி எண் உண்டு. உலகத்தில் ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. வேஷம் எதைப் போட்டாலும் கைரேகை மாறாதல்லவா? தூதன் அந்த எண்ணையும் படித்துக்கொண்டு வந்திருந்தான். விவரத்தை விரித்ததும் திரையில் கடைசி வரியாக அது பளிச்சென்று நின்றது.

"மாட்டினான்!" என்று சிஸ்டம்காரர் மேசையைக் குத்தினார். "சார், இந்த நம்பர் உள்ள மெஷின் எவன் கையில இருக்கோ, அவன்தான் குற்றவாளி. தலைமை அலுவலகத்துல, கம்பெனி வாங்கின ஒவ்வொரு மெஷினோட நம்பரும் பேரோட இருக்கு. ஒத்துப் பார்த்தா அஞ்சு நிமிஷத்துல ஆள் தெரிஞ்சிடும்."

"அப்ப உள்ளாளாவும் இருக்கலாம்?"

"இருக்கட்டும் சார். எவனா இருந்தாலும் விடக்கூடாது."

மேனேஜரின் முகம் தெளிந்தது. "அப்ப நீங்க தப்பிச்சீங்க," என்றார். சிஸ்டம்காரரின் கண்முன் நின்ற ஸ்டூல் கோபித்துக்கொண்டு விலகிப்போயிற்று.

மின்னஞ்சல் இல்லை, போன் இல்லை. ஆகவே காகிதம். அக்கா தன் குறிப்பேட்டிலிருந்து நல்ல தாளாகக் கிழித்துக் கொடுத்தார். சிஸ்டம்காரர் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறைப்படி இடப்பக்கம் ஓரம் விட்டு, தேதி போட்டு, பொருள் எழுதி அடிக்கோடிட்டு ஆரம்பித்தார். எழுத எழுத அவருக்குத் தெம்பு வந்தது. காலையிலிருந்து பட்ட அவமானமெல்லாம் நல்ல நல்ல வாக்கியங்களாக இறங்கின.

"வாசிங்க," என்றார் மேனேஜர்.

"'மதிப்பிற்குரிய ஐயா, நமது பேக்கப் சர்வரைக் கைப்பற்றி, அலுவலகப் பணியை நிலைகுலையச் செய்து, வாடிக்கையாளர் ஒருவரை லிஃப்டிலும் காவலாளி ஒருவரைக் கிடங்கிலும் சிறைவைத்த நபர் பயன்படுத்திய இயந்திரத்தின் எண் கீழே கொடுக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணுக்குரிய இயந்திரம் எவர் பெயரில் உள்ளதோ, அவரை விசாரணையின்றி உடனே பணிநீக்கம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'"

"விசாரணையில்லாமலா?" என்றார் அக்கா.

"விசாரிச்சா கதை சொல்லுவான்க்கா. மேல கேளுங்க. 'தெரியாமல் நடந்துவிட்டது என்று அவர் கூறினால் அதை ஏற்கலாகாது. இவ்வளவு தூரம் தொழில் தெரிந்த ஒருவர் தெரியாமல் செய்தார் என்பதை எவரும் நம்பமாட்டார்கள்.'"

"பிரமாதம்," என்றார் ஆடிட்டர் அம்மாள். "இதுல நானும் கையெழுத்துப் போடறேன்."

"'அவர் குடும்பத்தைக் காட்டி இரக்கம் கோரினாலும்...'"

"போதும்யா, அவனும் மனுஷன்தானே," என்றார் மேனேஜர். ஆனால் அந்த வரியை அடிக்கச் சொல்லவில்லை. சிஸ்டம்காரரும் மேனேஜரும் ஆடிட்டர் அம்மாளும் கையெழுத்துப் போட்டார்கள். எண்ணைச் சிஸ்டம்காரர் இரண்டு தடவை சரிபார்த்து, கீழே தடித்த எழுத்தில் எழுதினார்.

உறை வேண்டும். கீழ்த்தளத்து ஸ்டோர்ரூமுக்குக் குரல் கொடுத்தார்கள். காலையிலிருந்து சாமான்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்த ஸ்டோர்காரர், பழுப்பு உறையும் பசைக் குப்பியுமாகப் படியேறி வந்தார்.

"நெட்டு போச்சே, என்ன விஷயம் சார்?"

"அப்புறம் சொல்றேன். முதல்ல ஒட்டுங்க."

அவர் உறையின் நாக்கில் பசை தடவி, மடித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். சிஸ்டம்காரர் அதன்மேல் முகவரி எழுதி, 'அவசரம்' என்று எழுதி, மனம் அடங்காமல் அதன் கீழே இன்னொரு கோடும் இழுத்தார். தினமும் அந்த நேரத்துக்குத் தபால் பையோடு வாசலில் பைக்கில் வந்து நிற்கும் தலைமை அலுவலகத்து ஆள் உறையை வாங்கி உள்ளே திணித்தார். "நேரா பெரியவர் கையிலதான் குடுக்கணும், வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க," என்று சிஸ்டம்காரர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பி, தெருமுனையில் திரும்பி மறைந்தது.

சிஸ்டம்காரர் சன்னலருகே நின்று, காலையிலிருந்து முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க சார், என்னதான் ஆச்சு?" என்றார் ஸ்டோர்காரர், விரலில் ஒட்டிய பசையைத் துடைத்தபடி.

"நம்ம பேக்கப் சர்வரை ஒருத்தன் பிடிச்சுட்டாண்ணே."

ஸ்டோர்காரர் துடைப்பதை நிறுத்தினார்.

"பேக்கப் சர்வரா? அதை இன்னும் வாங்கவே இல்லையே சார்! அது வர்ற வரைக்கும் லிஸ்ட்ல இடம் காலியா இருக்க வேணாம்னு, அந்தப் பேருக்கு நேரா உங்க லேப்டாப்பையே போட்டு வைக்கச் சொன்னது நீங்கதானே சார்?"